கவர்ச்சர்: கல்யாணமானதும் சட்டத்தில் காணாமல் போகிற பெண்

பழைய ஆங்கில நாவல்களைப் படிக்கும்போது சில இடங்களில் எரிச்சல் வரும். கணவன் குடிகாரன், கொடுமைக்காரன், சரி, கிளம்பிப் போக வேண்டியதுதானே? கையில் தொழில் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளவும் தெரியும், பிறகு எதற்காகப் பெயரை மாற்றிக்கொண்டு பாழடைந்த வீட்டில் ஒளிந்து வாழ வேண்டும்? பாசமுள்ள உறவுக்காரர் ஒருவர் சொத்தை அவள் பெயரில் எழுதாமல் அவளுடைய கைக்குழந்தையின் பெயரில் ஏன் எழுதுகிறார்? கதையை இழுப்பதற்காகச் செய்த ஜோடனை என்று தோன்றும். ஜோடனை அல்ல, அன்றைய சட்டம். அதன் பெயர் கவர்ச்சர்.

(நம் கவர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'கவர்தல்' என்றால் பறித்துக்கொள்வது என்றும் பொருள் உண்டே என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்ளலாம்.)

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. மூடி, போர்வை, மேல்விரிப்பு என்பதுதான் மூலப்பொருள். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே சட்டத்தின் பேச்சு நெடுங்காலம் பிரெஞ்சு கலந்ததாகவே இருந்தது, அதனால் கல்யாணமான பெண்ணுக்கு 'ஃபெம் கவர்ட்', அதாவது மூடப்பட்ட பெண், கல்யாணமாகாதவளுக்கும் விதவைக்கும் 'ஃபெம் சோல்', அதாவது தனிப் பெண் என்று பெயர் வந்தது. அதே சட்டப் புத்தகங்களில் கணவனுக்கு என்ன பெயர் தெரியுமா? பாரன். பிரபு என்று சொல்கிறோமே, அதே சொல்தான்.

வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் 1765-இல் இதை நூலாகவே எழுதிவைத்தார். திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை பெண்ணின் சட்டபூர்வ இருப்பு நிறுத்திவைக்கப்படுகிறது, அல்லது கணவனின் இருப்புக்குள் சேர்க்கப்படுகிறது. அவனுடைய சிறகின் கீழ், அவனுடைய காவலின் கீழ் அவள் எல்லாவற்றையும் செய்கிறாள் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், அவள் சம்பாதிக்கிற காசு அவனுடையது, நகையும் ரொக்கமும் அவனுடையவை, நிலத்தை அவள் சம்மதம் இல்லாமல் அவன் விற்க முடியாதே தவிர அதிலிருந்து வரும் வருமானம் அவனுக்கே, அவள் தனியாக வழக்குப் போட முடியாது, ஒப்பந்தம் செய்ய முடியாது, அவன் சம்மதிக்காமல் உயில் எழுத முடியாது, பெற்ற பிள்ளைகள்கூட அவன் பொறுப்பில்தான். மனைவிக்குக் கணவன் நேரடியாக ஒன்றை எழுதிக்கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் தனக்குத் தானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்! பணக்கார அப்பாக்கள் மட்டும் வேறு நீதிமன்ற வழியில் அறக்கட்டளை அமைத்து மகள் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இப்போது நாவல்களுக்கு வரலாம். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1797-இல் இறந்தபோது முடிக்காமல் விட்டுப்போன 'மரியா' நாவலை அவர் கணவர் காட்வின் 1798-இல் வெளியிட்டார். கதாநாயகி மரியாவைத் தனியார் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவைத்திருப்பது அவளுடைய கணவனேதான், பால்குடி மறக்காத குழந்தையையும் பிரித்துவிட்டான். காரணம் சொத்து. உறவினர் தன் செல்வத்தில் பெரும்பகுதியைக் குழந்தைக்கு எழுதி மரியாவைக் காப்பாளர் ஆக்கியிருந்தார், மரியாவின் பெயரில் எழுதியிருந்தால் மறுநாளே அது கணவன் பைக்குப் போயிருக்கும். கவர்ச்சர் என்ற ஒரு சொல் தெரிந்தால் அந்த உயிலின் தந்திரம் முழுதும் விளங்கிவிடும். கல்யாணம் தன்னை ஆயுளுக்கும் பஸ்தில் சிறையில் தள்ளிவிட்டது என்று மரியா சொல்கிறாள். பாரிசில் மக்கள் அந்தச் சிறையைத் தகர்த்து பத்து வருஷம்கூட ஆகாத நேரம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது நீதிமன்றக் காட்சி. மரியாவின் காதலன் மேல் கணவன் வழக்குப் போடுகிறான். தன் மனைவியைக் கெடுத்துவிட்டான், நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. இதில் மரியா வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல, அவளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அவள் பேசத்தான் சட்டத்தில் இடமில்லை. அதனால் தன் தரப்பைக் காகிதத்தில் எழுதிக்கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். பெண்கள் தங்கள் உணர்ச்சிகளை வாதமாக வைக்க விடுவது தவறு என்கிற தோரணையில் நீதிபதி அதை ஒதுக்கிவிடுகிறார். பாதியில் நின்றுபோன நாவல், கட்டுக்கோப்பு கிடையாது, ஆனாலும் இந்த ஒரு காட்சிக்காகப் படிக்கலாம்.

ஐம்பது வருஷம் கழித்து, 1848-இல், ஆன் பிரான்ட்டி எழுதிய 'வைல்ட்ஃபெல் ஹால் குடித்தனக்காரி' அதே இடத்தில்தான் நிற்கிறது. படம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று ஹெலன் ரகசியமாகத் திட்டம் போடுகிறாள், கணவன் அவள் நாட்குறிப்பைப் படித்துவிட்டு வரைகிற சாமான்களை எல்லாம் நெருப்பில் போடுகிறான். பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி, தாய்வழிக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஒளிந்து வாழ்கிறாள். கதை நடப்பது 1820-களில். அவள் விற்கிற ஒவ்வொரு படத்தின் காசும் சட்டப்படி அவனுக்குச் சேர வேண்டியது, பையனை அவன் வந்து கூட்டிப் போனால் தடுக்க அவளுக்கு உரிமை இல்லை. அவள் பெயர் மாற்றியதற்கு வேறு விளக்கம் தேவையா?

நிஜ வாழ்க்கையில் இதை அனுபவித்தவர் எழுத்தாளர் கரோலின் நார்ட்டன். கணவன் பிள்ளைகளைப் பறித்தான், அவர் எழுதிச் சம்பாதித்ததற்கும் சொந்தம் கொண்டாடினான். அவர் விடாமல் எழுதிப் போராடியதன் பலனாக 1839-இல், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஒரு தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்ற சட்டம் வந்தது. 1870-இல் மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்றானது, 1882 சட்டத்தில் சொத்து முழுவதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கணவன் காப்புநிலை' என்று சொல்லலாம், ஆனால் அது பிளாக்ஸ்டோனின் கட்சியை எடுத்துக்கொண்ட மாதிரி, காப்பாற்றத்தானே செய்தான் என்று தொனிக்கும். 'மனைவியடிமை' கோபத்தில் சொல்லலாம், சட்டப்படி துல்லியமில்லை; நிலம் அவள் பெயரில்தானே இருந்தது. நான் சிபாரிசு செய்வது 'மணவடக்கம்'. மணவறை, மணவாழ்க்கை போலப் புணர்ந்த சொல். ஒன்று இன்னொன்றுக்குள் சேர்ந்துவிடுவது அடக்கம், 'வரி உட்பட எல்லாம் அடக்கம்' என்கிறோமே, அது பிளாக்ஸ்டோன் சொன்ன அதே சேர்க்கை. பெண்ணிடம் ஊர் எதிர்பார்க்கிற பணிவும் அடக்கம். புதைப்பதும் அடக்கம். மூன்றும் இந்தச் சட்டத்துக்குப் பொருந்துகின்றன, போர்வை என்று நேராக மொழிபெயர்த்தால் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஃபெம் கவர்ட் 'மணவடக்கப் பெண்', ஃபெம் சோல் 'தனியாள்'. சட்டக் கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் தடவை கவர்ச்சர் என்றே எழுதிவிட்டு அப்புறம் இதைப் பயன்படுத்தட்டும்.

ஆனால் கண்ட இடத்தில் ஒட்டக் கூடாது. இந்து சட்டத்தில் பெண்ணின் சொத்துக்கு ஸ்திரீதனம் என்று தனிக் கணக்கு இருந்தது, அதன் குறைகள் வேறு வகை. இந்தியாவில் வந்த 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1866-க்கு முன் மணமான பெண்களின் சம்பாத்தியத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது, இந்துக்களையும் முஸ்லிம்களையும் அது அப்போது தொடவில்லை. ஆயுள் காப்பீட்டு முகவர்கள் இன்றைக்கும் 'எம்.டபிள்யூ.பி. பாலிசி' (இந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்), அதாவது மனைவி மக்களின் நன்மைக்காகக் கணவன் எடுக்கும் பாலிசி, என்று சொல்வது இந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவைத்தான். தேசவழமை என்கிற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் இன்னொரு ரகம்: 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பெண்ணின் சொத்து அவளுடைய தனிச்சொத்துதான், கணவனின் கடனுக்கு அதைப் பிடிக்க முடியாது, ஆனால் காணியையோ வீட்டையோ விற்க அவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதை மணவடக்கம் என்று எழுதினால் தவறு. அங்கே அவள் சட்டத்தில் தனி ஆளாகவே இருக்கிறாள், கையெழுத்துக்கு மட்டும் பூட்டு. 'கணவன் சம்மத விதி' என்று சாதாரணமாகச் சொன்னாலே போதும்.