மூன்றே நாளில் ஓகே ஆன பேப்பர்

போன வருடம் என் ஆய்வு மாணவி, இலைச்சாறு பாக்டீரியாவைக் கொல்கிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தார். ஒரு நாள் சந்தோஷமாக ஓடி வந்தார். "மேடம், பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு. மூணே நாள்!" வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லும் துறை வல்லுநர், அதாவது ரிவியூவர், என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். போனை நீட்டினார். நல்ல கட்டுரை, வெளியிடலாம் என்று ஒரே வரி. அதற்குக் கீழே கட்டண விவரம் மட்டும் அரைப் பக்கம்.

நானும் நுண்ணுயிரியல் இதழ்களுக்கு இந்த மதிப்பாய்வு (பியர் ரிவியூ) செய்கிறவள். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம்தான் போகும். ஒரு பேப்பரை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுதவே ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் இதழாசிரியர் அதைப் பார்க்க வேண்டும். பொருந்தாது என்றால் அங்கேயே திருப்பி விடுவார். பொருந்தினால் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். பலர் நேரமில்லை என்பார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்குச் சில வாரம் கெடு, அப்புறம் திருத்தம், தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. மூன்று நாளில் இதெல்லாம் எப்படி முடியும்?

சரி, ஒழுங்காக நடந்தால் மட்டும் பிழையே தப்பாதா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒருமுறை ஒரு பேப்பரில் வேண்டுமென்றே 8 குறைகளைச் செருகித் தன் மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பியது. 221 பேர் பதில் எழுதினார்கள். சராசரியாக ஒருவர் கண்டுபிடித்தது இரண்டே இரண்டு. 1998இல் இந்தச் சோதனையின் முடிவு வெளியானது. படித்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இன்னொன்று, எங்கள் கைக்கு வருவது பேப்பர்தான். ஆய்வகத்துக்குள் போய்ப் பார்க்க முடியாது. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுப்பது ஆபத்து என்றது. 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 நோயாளிகள் என்று கணக்கு. உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தியே வைத்தது. மூலத் தரவைக் காட்டுங்கள் என்று வெளியிலிருந்த விஞ்ஞானிகள் கேட்டார்கள். தரவைக் கொடுத்த நிறுவனம் காட்டவில்லை. இரண்டு வாரத்துக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பாய்வாளர்கள் படித்த பேப்பரில் எண்களெல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் 'பியர் ரிவியூ ஆனது' என்ற முத்திரையைவிட, ரிவியூவர் என்ன கேள்வி கேட்டார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். மாணவிக்கு வந்த கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

நல்லவேளை, அவர் பணம் கட்டவில்லை, பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பேப்பரைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினோம். அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள்! பதில் போடாமல் விட்டுவிட்டோம். வாபஸ் கடிதத்தின் நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு வேறொரு இதழுக்கு அனுப்பினோம்.

பதினோரு வாரம் கழித்து இரண்டு பக்கத்துக்குக் குறைகள் வந்தன. மாணவிக்கு முகமே வாடிவிட்டது. முதல் கேள்வி: இலைச்சாற்றை எத்தனாலில் (ஆல்கஹாலில்) எடுத்திருக்கிறீர்கள்; பாக்டீரியாவைக் கொன்றது இலையா, எத்தனாலா? வெறும் எத்தனாலைத் தனியாக விட்டுப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. கைடான எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை இருவரும் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளைப் புதிதாகத் தயார் செய்ய உட்கார்ந்தோம்.