காரின் பின்கண்ணாடி: எப்போது மாற்றியே ஆக வேண்டும், எப்போது மாற்றத் தேவையில்லை?

முன்கண்ணாடியில் கல் தெறித்துப் புள்ளி விழுந்தால் ரெசின் ஊற்றி அடைத்துவிடலாம். அதே நினைப்பில் பின்கண்ணாடியையும் அடைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான கார்களில் அது நடக்காது. அதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டீஃபாகர் கோடு (படிந்த ஆவியைப் போக்கக் கண்ணாடியைச் சூடாக்கும் மெல்லிய மின்கோடு) ஒன்று அறுந்ததற்கும், டிக்கியில் தண்ணீர் நின்றதற்கும் முழுக் கண்ணாடியையே மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் பிரச்சினை தீராமல் நிற்கிறார்கள். கண்ணாடியிலேயே அடி விழுந்திருந்தால் தள்ளிப் போடக் கூடாது; கோடு, பசை, வயர் சம்பந்தப்பட்டது என்றால் அவசரப்படக் கூடாது.

முன்கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். வெளித்தகடு உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும். ரெசினும் வெளித்தகட்டில் விழுந்த பள்ளத்தில் போய் உட்காரும். பின்கண்ணாடி பொதுவாக டெம்பர்டு, அதாவது ஒற்றைத் தகடு. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். இதனால் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்திலும் உள்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். சாதாரணக் கண்ணாடியைவிட இது பல மடங்கு வலுவாக இருப்பதற்கும், உடைந்தால் மொத்தமும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறுவதற்கும் காரணம் இது ஒன்றுதான்.

அழுத்தத்தில் இருக்கும் அந்த மேல்தோல் ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பின்கண்ணாடியின் தடிமன் வழக்கமாக 3 முதல் 4 மி.மீ. அப்படியென்றால் தோலின் ஆழம் 0.6 முதல் 0.8 மி.மீ. தான். அடி அந்த ஆழத்துக்குள் நின்றால் கண்ணாடி பிழைக்கும். அதைத் தாண்டி இழுவிசைப் பகுதியைத் தொட்டால் கண்ணாடி அப்போதே சிதறிவிடும். அதனால் டெம்பர்டு கண்ணாடியில் நீளமான ஒற்றை விரிசல் நிற்பதில்லை. நிற்கிறது என்றால், நீங்கள் பார்ப்பது கண்ணாடிமேல் ஒட்டிய டிண்டட் ஃபிலிமில் விழுந்த கீறலாக இருக்கலாம், அல்லது உங்கள் காரில் லேமினேட்டட் பின்கண்ணாடி போட்டிருக்கலாம். சில உயர் ரக மாடல்களில் அப்படி வருகிறது. மூலையில் உள்ள முத்திரையில் எந்த வகை என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

அடி எங்கே விழுந்திருக்கிறது?

கண்ணாடியைக் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அடிபட்ட இடத்தின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்காத மெல்லிய கீறல் பார்வைக்குத்தான் குறை. தேய்ந்த பின்வைப்பர் வளைவாகப் போட்ட கோடுகள் பெரும்பாலும் இந்த ரகம். நகம் சிக்கினாலே ஆழம் உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை பாலிஷ் போட்டு எடுக்கப் பார்ப்பது நல்ல யோசனை அல்ல. ஆழமான கீறலைத் தேய்த்து எடுக்கும் அளவுக்குத் தோலும் மெலியும், அந்த இடத்தில் பார்வையும் நெளியும்.

இடமும் முக்கியம். டெம்பர்டு கண்ணாடியின் பலவீனமே விளிம்புதான். நடுப்பகுதியில் ஒரு சிறு புள்ளி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். அதே புள்ளி விளிம்பிலோ, துளையின் ஓரத்திலோ இருந்தால் மாற்றிவிடுவதுதான் சரி. வைப்பர் தண்டுக்கான துளை, சில எஸ்யுவிகளில் தனியாகத் திறக்கும் கண்ணாடியின் கீல் போல்ட், கேஸ் ஸ்ட்ரட் (திறந்த கண்ணாடியைத் தாங்கும் வாயுத் தண்டு) பொருந்தும் துளை ஆகிய இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த இடங்களில் ரப்பர் வாஷரோ பிளாஸ்டிக் புஷ்ஷோ காய்ந்து உதிர்ந்துபோனால் உலோகம் நேரடியாகக் கண்ணாடியை அழுத்தும். வைப்பர் நட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் போதும், கண்ணாடி போய்விடும்.

நேற்று மாலை நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் நொறுங்கிக் கிடக்கிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. எப்போதோ விழுந்த ஒரு விளிம்புக் காயம் காத்துக்கொண்டிருக்கும். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தியதில் எழும் காற்றழுத்தம், வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல் ஊற்றிய குளிர்ந்த நீர், உறைபனியைக் கரைக்க ஊற்றிய வெந்நீர், மேடுபள்ளத்தில் பாடி முறுகுவது, இவற்றில் ஏதாவது ஒன்று அதைத் தூண்டிவிடும். விளிம்புக் காயத்தைத் தெரிந்தே தள்ளிப் போடுகிறவர், கண்ணாடி எப்போது உடைய வேண்டும் என்ற முடிவைக் கண்ணாடியிடமே விட்டுவிடுகிறார். பின்சீட்டில் குழந்தை உட்காரும் கார் என்றால் இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை.

உடைந்த கண்ணாடி டிண்டட் ஃபிலிமின் பிடியில் வலைபோல் நொறுங்கி அப்படியே நிற்பதும் உண்டு. அது நிற்பது ஃபிலிமின் தயவில். ஓரங்களில் ஃபிலிம் எட்டாத ஒரு சிறு பட்டை எப்போதும் இருக்கும்; வண்டி குலுங்கினால் அங்கிருந்து மொத்தமாகச் சரியும். அதை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது.

கண்ணாடியை மாற்றத் தேவையில்லாத பழுதுகள்

டீஃபாகர் கோடுகள் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிப் பசையால் அச்சிட்டுச் சுட்டவை. எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு அநேகமாகக் கண்ணாடியில் இல்லை. ஃபியூஸ், ரிலே, பக்கவாட்டுப் பட்டையில் பற்றவைத்த இணைப்பு முனை, எர்த் வயர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஹேட்ச்பேக்கில் இன்னொரு இடம் உண்டு. பாடிக்கும் பின்கதவுக்கும் நடுவே, கீல் பக்கம், ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்கள். கதவைத் திறந்து மூடி மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்திருக்கும். வெளியே ரப்பர் புதுசாகத் தெரியும். குழாயை உருவிப் பார்க்காமல் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு டீஃபாகரைப் போடுங்கள். கறுப்பு முனையை பாடியின் வண்ணம் பூசாத உலோகத்தில் வையுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூர்முனை வெள்ளிக் கோட்டைச் சுரண்டிவிடும். நல்ல கோட்டின் நடுவில் வைத்தால் மின்சாரம் வரும் அழுத்தத்தில் பாதி, சுமார் 6 வோல்ட் காட்டும். முழு 12 வோல்ட் காட்டினால் அறுந்த இடம் எர்த் பக்கம். பூஜ்யம் காட்டினால் மின்சாரம் வரும் பக்கம். அந்தப் பக்கமாக முனையை நகர்த்திக்கொண்டே போனால் 12க்கும் பூஜ்யத்துக்கும் சட்டென்று தாவும் புள்ளி கிடைக்கும். அறுந்தது அங்கேதான்.

அந்த இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கோட்டின் அகலத்துக்கு மட்டும் இடம் விட்டு மேலும் கீழும் டேப் ஒட்டி, மின்சாரம் கடத்தும் வெள்ளி பெயின்டை மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். இரு பக்கமும் நல்ல கோட்டின் மேல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். டேப்பை உரித்தபின் 24 மணி நேரம் டீஃபாகரைப் போடக் கூடாது. ஓர் அங்குலத்துக்கு மேல் கோடே காணாமல் போயிருந்தாலோ, பழைய ஃபிலிமை உரித்தபோது ஏழெட்டுக் கோடுகள் கூடவே வந்திருந்தாலோ இந்த வைத்தியம் நிலைக்காது, அப்போது மாற்றலாம். கழன்றுபோன இணைப்பு முனைக்கு மின்சாரம் கடத்தும் எபாக்ஸி வேண்டும். சாதாரண சூப்பர் குளூ முனையை ஒட்டும், மின்சாரத்தைத் தடுக்கும்.

தண்ணீர்க் கசிவும் இதே கதைதான். ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நின்றால் கண்ணாடியைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் டெயில் லேம்ப் கேஸ்கெட், மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட், ஆன்டெனா அடிப்பாகம், பம்பருக்குப் பின்னால் உள்ள காற்றுப்போக்கி மடல் ஆகியவையும் தண்ணீர் விடும். உள்ளே டார்ச்சோடு ஒருவர் உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் பீய்ச்சும் முனை இல்லாத குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நின்று நீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது.

கண்ணாடியை பாடியோடு ஒட்டிய பசையில்தான் கசிவு என்று தெரிந்தால் வெளியிலிருந்து சிலிக்கோனைத் தடவ வேண்டாம். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் புளிப்பு வாடையுள்ள சிலிக்கோன், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். கண்ணாடி உட்காரும் சட்டத்தின் இரும்புக்கு அது ஆகாது. அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு கண்ணாடியை ஒட்டும் பாலியூரித்தேன் பசை பிடிக்காது. கண்ணாடியைக் கழற்றி, சுத்தம் செய்து, அதே கண்ணாடியைப் புதுப் பசையில் உட்கார வைப்பதுதான் முறை. கழற்றும்போது அது உடைய வாய்ப்பு உண்டு. உடைந்தால் செலவு யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

உடைந்துவிட்டது, உடனே என்ன செய்வது?

டீஃபாகரையும் பின்வைப்பரையும் தொடாதீர்கள். காப்பீட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு, பெரிய துண்டுகளை எடுத்தபின் வேக்குவம் வையுங்கள். பின்சீட் பெல்ட்டுகளை முழுவதும் வெளியே இழுத்து நாடாவையும் ரீல் வாயையும் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே போன துண்டு நாடாவை அறுக்கும், ரீலையும் சிக்க வைக்கும். பின்கதவின் உள்பேனலையும் கழற்றிக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் துண்டுகள் வடிகால் துளையை அடைத்து, மழைக்குப் பிறகு கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

திறப்பைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடலாம். பேக்கிங் டேப்பை வண்ணத்தின் மேல் நேராக ஒட்டினால் வெயிலில் இறுகி, உரிக்கும்போது வண்ணத்தின் மேல் உள்ள பளபளப்புப் பூச்சும் (கிளியர்கோட்) வரும். முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் பேக்கிங் டேப். பட்டறை வரைக்கும் மட்டுமே இப்படி ஓட்டலாம். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை திறப்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

கண்ணாடி மாற்றும்போது

ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் பின்கண்ணாடி ஒன்றாக இருக்காது. டீஃபாகர், ரேடியோ ஆன்டெனா கோடு, வைப்பர் துளை, பிரேக் விளக்குக்கான இடம், நிறம் எல்லாம் மாறும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். வந்த கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தும் நாட்டு எண்ணும், அல்லது ஏ.எஸ்.2 (AS2) போன்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்க வேண்டும். கார் ஓடும் நாட்டின் விதி எதைக் கேட்கிறதோ அது. டெம்பர்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் ‘சின்னதாக ஒரு மாற்றம் செய்து பொருத்திவிடலாம்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

பழைய கார்களில் ரப்பர் பீடிங்கில் உட்காரும் ரகம் இருக்கும். கண்ணாடியோடு பீடிங்கையும் மாற்றிவிடுங்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஒட்டும் ரகம். பழைய பசையை இரும்பு தெரியுமளவுக்குச் சுரண்டக் கூடாது. 1 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு விட்டுச் சமமாக வெட்ட வேண்டும். புதுப் பசைக்கு அதைவிட நல்ல தளம் இல்லை. கத்தி கீறி இரும்பு தெரிந்த இடத்தில் பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம். துரு இருந்தால் அதை முழுவதும் தேய்த்து எடுத்து, பிரைமரும் பெயின்டும் காய்ந்தபிறகுதான் கண்ணாடி. துருவின் மேல் ஒட்டிய பசை துருவைத்தான் பிடித்திருக்கும். துரு உரியும்போது அதுவும் கூடவே வந்துவிடும். அதற்காக வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும்.

கண்ணாடியின் கறுப்பு ஓரப் பட்டையைத் துடைத்து பிரைமர் போட்டபின் விரல் படக் கூடாது. பசைக் குழாயின் காலாவதித் தேதியைக் கேட்டுப் பாருங்கள். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் இறுகுவது. வறண்ட குளிர்ந்த நாளில் தாமதமாகும். காரை எப்போது எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும்: சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள். குழாயில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. முதல் 24 மணி நேரம் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். இரண்டு நாளைக்கு பிரஷர் வாஷ் வேண்டாம்.

காரை எடுக்கும் முன் வைப்பர், மூன்றாவது பிரேக் விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும் பின்கேமரா இருந்தால் படம் நேராக விழுகிறதா என்று கவனியுங்கள். உள்பக்கம் ஊதி ஆவி படியவிட்டு டீஃபாகரைப் போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஆவி விலகித் தெளிந்த பட்டை தெரிய வேண்டும். தெளியாத கோடு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். டிண்டட் ஃபிலிம் ஒட்டுவது இந்தச் சோதனைக்குப் பிறகுதான். ஃபிலிம் மேலே வந்துவிட்டால் அந்தக் கோட்டைச் சரிசெய்ய அதை உரிக்க வேண்டியிருக்கும்; உரிக்கும்போது நல்ல கோடுகளும் போகும்.