தீவுக்கு எட்டு ரிக்கார்டு: காது டெஸ்டுக்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி

பி.பி.சி. வானொலியில் 1942 ஜனவரியில் ராய் ப்ளம்லி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகள் உங்களோடு இருக்க வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பார்கள். அவர் சொல்லும் தட்டுகளைப் போட்டுக்கொண்டே அவருடைய வாழ்க்கையைப் பேசவைப்பார்கள். இன்றும் ஓடும் நிகழ்ச்சி அது. தர்மபுரியில் காது பரிசோதனை செய்து பிழைக்கும் நான், அந்தக் கேள்வியை என் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் தாமாக என்னிடம் வருவது அபூர்வம். மகளோ மருமகனோ கூட்டி வருவார்கள். "அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு சார்" என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, இவங்கதான் வாய்க்குள்ளயே முனகுறாங்க" என்று பெரியவர் முடித்துவிடுவார். அந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிவிட்டால் அவருக்கு அது விசாரணை. சரி, காதை அப்புறம் பார்ப்போம் என்று தீவுக்குப் போய்விடுவேன்.

"தீவுல கரண்டு இருக்குமா தம்பி?" என்று கேட்டார் பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நியாயமான கேள்வி. கரண்டு இல்லை என்றால் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டிதான். அதில் அரக்கில் செய்த 78 சுழற்சித் தட்டு மட்டுமே போடலாம். பிற்காலத்து எல்பி தட்டை அந்தக் கனமான முள்ளுக்குக் கீழே வைத்தால் தட்டின் கோடு உரிந்துவிடும். 78 தட்டில் பக்கத்துக்கு 3 நிமிஷம் சொச்சம் பாட்டு. "அப்ப எட்டு ரிக்கார்டுன்னா பதினாறு பாட்டு" என்று அவர் கணக்குப் போட்டு முடித்தபோது, காது டெஸ்டுக்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ரிக்கார்டைச் சொந்தமாக வைத்திருந்த வீடுகள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அது கல்யாண வீட்டு மைக் செட்டில், புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டது. எண்பதைத் தாண்டியவர்கள் கே.பி.சுந்தராம்பாள், கிட்டப்பா, பாகவதர் என்று தங்கள் அப்பா காலத்துப் பெயர்களையும் சேர்த்துச் சொல்வார்கள். அடுத்த வயதுக்காரர்களுக்கு டி.எம்.எஸ்., சுசீலா. ஓசூர், தேன்கனிக்கோட்டையிலிருந்து வருபவர்களின் பட்டியல் மூன்று மொழியில் இருக்கும். கண்டசாலாவுக்குப் பக்கத்தில் டி.எம்.எஸ். உட்கார்ந்திருப்பார். கன்னடத்தில் ராஜ்குமாருக்குக் குரல் கொடுத்த பி.பி.ஸ்ரீனிவாஸை மூன்று மொழிக்காரர்களும் எங்கள் ஆள் என்பார்கள். இந்தப் பட்டியலைக் கேட்பதற்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேனோ என்றுகூடச் சில நாள் தோன்றும்.

விஷயம் என்னவென்றால், பட்டியல் முடிந்ததும் கூட வந்தவர்கள் அனேகமாக ஒரே மாதிரி ஒன்றைச் சொல்வார்கள். "பழைய பாட்டெல்லாம் நல்லாக் கேக்குது சார். கூடவே பாடுறாரு. நாங்க பேசினா மட்டும்தான் கேக்க மாட்டேங்குது." அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்று அதற்கு அர்த்தம். இந்த ஒரு நினைப்பு வீடுகளில் உண்டாக்கும் மனக்கசப்பு கொஞ்சநஞ்சமல்ல. டெஸ்டுக்கு வருவதை வருஷக்கணக்கில் தள்ளிப்போட வைப்பதும் இதுதான். மனப்பாடமான பாட்டைக் கேட்பதற்குக் காது பாதி வேலை செய்தால் போதும், மீதியை ஞாபகம் பார்த்துக்கொள்ளும்.

காரிமங்கலத்திலிருந்து ஒருவரை அவர் மகள் அழைத்து வந்தார். தீவுக்கு அந்தப் பெரியவர் கேட்டது பாட்டு இல்லை, கதை வசன ரிக்கார்டு. முழுப் படத்தின் வசனத்தையும் எல்பியில் போட்டு விற்ற காலம் ஒன்று உண்டு. கல்யாண வீடுகளில் விடிய விடிய அது ஓடும். அவர் சொன்ன வசனத்தைப் போனில் தேடி எடுத்து, காது பரிசோதிக்கும் ஆடியோமீட்டர் கருவியில் இணைத்து, கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு உட்காரவைத்துப் போட்டேன். நடிகரை முந்திக்கொண்டு பேசினார். மூச்சு விடும் இடம்கூடத் தப்பவில்லை. "பாத்தீங்களா சார்" என்றார் மகள். நான் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கடைசியில் சுத்தமாக நிறுத்திவிட்டேன். உள்ளே வசனம் நிற்கவில்லை. வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்தி எதிரில் இல்லாத யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தார். மகள் ஒருமுறை என் கையைப் பார்த்தார், ஒருமுறை அப்பாவைப் பார்த்தார்.

அடுத்து, சாதாரணப் பேச்சின் அளவில் தனித்தனி வார்த்தைகளைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். 'பத்து' என்றால் 'பட்டு' என்றார். 'தடை' அவருக்குக் 'கடை' ஆனது. 'சாவி' என்றதற்குப் பதிலே இல்லை.

ஏன் இப்படி? உள்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் இருக்கும் காக்ளியாவின் வாசல் பக்கத்தில், ஒலியை உணரும் மயிரணுக்கள் உச்ச அதிர்வெண்களுக்கானவை, அதாவது கீச்சென்ற ஒலிகளுக்கானவை. வயதானால் முதலில் தேய்வது அவைதான். தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. உயிரெழுத்தின் கனமெல்லாம் கீழ் அதிர்வெண்ணில் இருக்கிறது. ச, த, ட, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேலே, ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 2,000 அதிர்வு) அப்பால் இருக்கிறது. ஆகவே பெரியவருக்கு யாரோ பேசுவது கேட்கிறது, என்ன பேசினார்கள் என்பது கேட்பதில்லை. வாய்க்குள் முனகுகிறார்கள் என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. அவர் காதில் விழுவது அப்படித்தான்.

பழைய ரிக்கார்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1925 வரை கூம்பின் முன்னால் நின்று உரக்கப் பாடித்தான் தட்டில் பதிந்தார்கள். அதில் 2,500 ஹெர்ட்ஸைத் தாண்டுவதே பெரும்பாடு. மைக் வந்த பிறகு 5,000 வரை ஏறியது. பேரன் இன்று போனில் கேட்கும் பாட்டின் உச்சி இதைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. தாத்தாவின் காது இழந்த பகுதி, அவர் தேர்ந்தெடுத்த ரிக்கார்டில் முதலிலிருந்தே பெரிதாக இல்லை. அதனால் அந்த ரிக்கார்டு அவருக்கு ஏறத்தாழ இளமையில் கேட்டது போலவே கேட்கிறது. போதாததற்கு அந்தக் காலத்துப் பாடகர்கள் மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி வார்த்தையை அழுத்திப் பாடிப் பழகியவர்கள். மகள் சமையலறையிலிருந்து, மிக்சி ஓடும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதை அதோடு ஒப்பிடுவது அநியாயம்.

வீட்டில் சோதிக்க ஆசைப்பட்டால் எட்டு ரிக்கார்டும் வேண்டாம். ஒன்பதாவதாக, அவர் கேட்டே இராத ஒன்றைப் போடுங்கள். அன்றைய வானொலிச் செய்தியே போதும். ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் உதட்டைப் பார்க்க விடாதீர்கள். இது டெஸ்டுக்கு மாற்று இல்லை, டெஸ்ட் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். கேட்கும் திறன் குறைந்ததைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய் வரும் ஆபத்தைக் கூட்டும், மாற்றக்கூடிய காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2017 முதல் தொடர்ந்து சொல்லி வருகிறது.

அப்புறம் காது மெஷின். இதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். அதில் இசைப் பிரியர்களின் புகார் தனி ரகம். மெஷினைப் போட்டதும் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நடுங்குகிறது என்றார் ஒருவர். சரியாகத்தான் சொன்னார். மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் ஒலி வந்தால் அது தன் ஒலியே தனக்குள் திரும்பி வந்து எழுப்பும் விசில் சத்தம் என்று எண்ணி அடக்கப் பார்க்கும். நாகஸ்வரத்தின் கார்வைக்கும் விசிலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஜாலராவையும் தம்பூராவையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துக் குறைத்துவிடும். உச்ச ஒலிகளைக் கீழே இறக்கித் தரும் வசதி சில மெஷின்களில் உண்டு, பேச்சுக்கு நல்லது, சுருதியை மட்டும் கெடுத்துவிடும்.

இதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விசில் அடக்குவதையும் இரைச்சல் குறைப்பதையும் தளர்த்தி, இசைக்கென்று தனி புரோகிராம் வைக்க இப்போதைய மெஷின்கள் பலவற்றில் வழி இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் பலரும் போட்டுத் தருவார்கள் என்பது என் துறையைப் பற்றிய என் வருத்தம். பொருத்த வரும் நாளில் பெரியவரின் பட்டியலைப் போனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அதைப் போட்டுப் பார்த்தே அளவைத் திருத்தலாம். காது டெஸ்டே எடுக்காமல் ஆன்லைனில் வாங்கும் மலிவு மெஷின் எல்லா ஒலியையும் ஒரேயடியாக ஏற்றிவிடும். நன்றாகக் கேட்கும் கீழ்ப்பகுதிக்கு அது இடி, கேட்காத மேற்பகுதிக்குப் பிரயோஜனம் குறைவு.

மைக் செட் வைத்திருப்பவர்களும் தவில் வாசிப்பவர்களும் என்னிடம் நாற்பது வயதிலேயே வருகிறார்கள். வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஆடி மாசத் திருவிழாவில் ஸ்பீக்கர் அடுக்குக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வாரக் கணக்கு ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும். தவில்காரர்களைக் காதில் அடைப்பான் மாட்டச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒலியின் தன்மையைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும் இசைக் கலைஞர்களுக்கான அடைப்பான் தனியாகக் கிடைக்கிறது. அதை ஒரு கச்சேரிக்கு மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பட்ஸ் விட்டுக் குடைவது இரண்டும் வேண்டாம். அழுக்கு அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிஷத்தில் எடுத்துவிடுவார். நேற்று வரை கேட்ட ஒரு காது இன்று காலை திடீரென்று அடைத்துக்கொண்டால் மட்டும், சளியாக இருக்கும் என்று ஒரு வாரம் பார்க்காதீர்கள். அது அவசர சிகிச்சைக் கேஸாக இருக்கலாம். மருந்து முதல் சில நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அன்றைக்கே போய்ச் சீட்டு வாங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.