அந்தப் பையனுக்கு ஐஸ் வைக்காதீர்கள்

பிப்ரவரி இரண்டாவது வாரம். ஆறாம் வகுப்புக் கறுப்பினப் பையன் ஒருவன் சுவரைப் பிடித்துப் பிடித்து என் அறைக்கு வந்து சேர்ந்தான். முழங்காலில் ஐஸ் பேக் கட்டியிருந்தது. கூடவே பி.டி. ஆசிரியரின் சீட்டு: ஓடச் சொன்னால் சாக்குச் சொல்கிறான், பத்து நிமிடம் உட்காரவைத்து அனுப்புங்கள்.

அவனுக்கு சிக்கிள் செல் நோய்: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைத்து வலி தரும் பரம்பரை நோய். அவனுடைய கோப்பில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஐஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். தண்ணீர் குடிக்கவைத்து, டாக்டர் எழுதித் தந்த வலி மருந்தைக் கொடுத்து, வீட்டுக்கு போன் செய்தேன். இந்தக் கல்வியாண்டில் இது மூன்றாவது தடவை. கலிஃபோர்னியாவில் பள்ளி நர்ஸாக இத்தனை வருடம் ஓட்டிய பிறகும் இதையே எழுத வேண்டியிருக்கிறது.

ஐஸ் ஏன் கூடாது? குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். அரிவாள் போல வளைந்து விறைத்த செல்கள் ஏற்கெனவே அங்கே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. குழாய் சுருங்கினால் அடைப்பு இன்னும் இறுகும். அவ்வளவுதான்.

எனக்குத் தாங்க முடியாதது 'நடிக்கிறான்' என்ற சொல். "நேற்று கூடைப்பந்து ஆடினானே?" ஆடியிருப்பான். இந்த வலி நேரம் குறித்துக்கொண்டு வருவதில்லை. காலையில் சரியாக இருந்த பிள்ளை மதியம் நடக்க முடியாமல் கிடக்கும். "வீக்கமே இல்லையே?" பல நேரம் இருக்காது. எக்ஸ்ரேயில் தெரியாது. வலி இருக்கிறது, இல்லை என்று சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. "போனைப் பார்த்துச் சிரிக்கிறானே?" கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து வலியோடு வளர்ந்த பிள்ளை அது. கவனத்தை வேறு பக்கம் திருப்பினால்தான் தாங்க முடியும் என்று தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. அழுதால் நாடகம், சிரித்தால் பொய் என்றால் அந்தப் பிள்ளை எப்படித்தான் இருக்க வேண்டும்?

இது ஒரு பி.டி. ஆசிரியரின் தவறு மட்டுமில்லை. 2016-ல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளை இன மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பர்களின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள்; அப்படி நம்பியவர்கள் கறுப்பர்களின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். படித்த மருத்துவர்களிடமே இப்படி என்றால் மைதானத்தில் என்ன எதிர்பார்ப்பது?

பிப்ரவரி கறுப்பர் வரலாற்று மாதம். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926-ல் ஒரு வாரமாகத் தொடங்கியது, 1976-ல் ஒரு மாதமாக விரிந்தது. எங்கள் வராந்தாவிலும் படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பையனின் வலிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது எந்தச் சுவரிலும் இல்லை. கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த வால்ட்டர் கிளமெண்ட் நோயல் என்ற கறுப்பின மாணவரின் ரத்தத்தில் இந்த அரிவாள் செல்களைப் பார்த்து, டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் கட்டுரை எழுதினார். அதற்கப்புறம் அறுபது வருடம் நோயாளிகளுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1969 ஜனவரியில் ஒரு தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடத் தொடங்கிய பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பர் உரிமை இயக்கத்தினர்தான், 1971-ல் இந்த நோய்க்கான இலவசப் பரிசோதனையையும் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் என்றாலே துப்பாக்கிதான் பலருக்கு நினைவு வருகிறது. சிக்கிள் செல்லுக்கென்று அரசு சட்டம் போட்டது 1972-ல்தான்.

அன்று பையனை அழைத்துப்போகப் பாட்டி வந்தார். 1972-ல் ஓக்லண்டில் பாந்தர்கள் நடத்திய கூட்டத்துக்குத் தன் அம்மாவோடு போனாராம். "விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். போகும்போது ஒரு பை மளிகை கொடுத்தார்கள், உள்ளே ஒரு முழுக் கோழி" என்று சொல்லிக்கொண்டே பேரனுக்குக் கோட்டு மாட்டிவிட்டார். அன்று தெருவில் நின்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதை இன்று சம்பளம் வாங்கும் நாம் கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் 'சிக்கிள் செல் கேரியர்' என்று வந்ததும் ஒரு தமிழ்த் தம்பதி என்னிடம் கேட்டார்கள்: "அது கறுப்பர்களுக்கு வருவதுதானே, ரிப்போர்ட் மாறிவிட்டதா?" மாறவில்லை. மலேரியா நெடுங்காலம் இருந்த நிலங்களின் மக்களிடம் இந்த மரபணு இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் இதைக் கண்டுபிடித்ததே 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம். கேரியர் என்றால் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தவர்; நோயாளி என்று அர்த்தமில்லை. இந்தக் குழப்பத்தால் 1970-களில் கறுப்பர்கள் பலர் வேலையையும் காப்பீட்டையும் இழந்தார்கள். அமெரிக்க விமானப்படை அகாடமி 1981 வரை கேரியர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அப்பா அம்மா இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே கணவன் மனைவி இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இனி வகுப்பறைக்கு. தண்ணீர் பாட்டில் மேஜை மேலேயே இருக்கட்டும். பாத்ரூம் போகக் கேட்டால் அனுப்புங்கள். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது, "இப்போதுதானே போனாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். குளிரில் கோட்டு இல்லாமல் மைதானத்துக்கு விடாதீர்கள். 101 டிகிரி காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே அவசர உதவி எண் 911. சிறு பிள்ளைகளுக்கும் இந்த நோயில் பக்கவாதம் வரும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குப் பள்ளி செய்து தர வேண்டிய வசதிகளைக் குறிக்கும் 504 திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், அடுத்த வருடம் ஆசிரியர் மாறிவிடுவார்.

ஆசிரியர்களே, நிஜ வலியா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், என்னிடம் அனுப்புங்கள். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. கூட ஒரு பிள்ளையை அனுப்பிவையுங்கள். மைதானத்திலிருந்து என் அறை வரை அந்த வராந்தா ரொம்ப நீளம்.