பூமி ரெண்டு மடங்கா வந்தப்போதான் ப்ராஜெக்டே ஆரம்பிச்சுது

ஸ்கூல் ப்ராஜெக்ட்னு சொன்னாலே நம்ம வீடுகள்ல முதல்ல ஞாபகம் வர்றது தெர்மாகோல், சார்ட் பேப்பர், ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனரி கடை ஷட்டரை தட்டுற அப்பா. எரிமலை மாடல் செஞ்சு சோடா உப்பும் வினிகரும் ஊத்தி நுரை வந்தா முடிஞ்சுது, மார்க் வந்துரும். அதை குறை சொல்ல நான் இத எழுதல, பசங்களுக்கு அது சந்தோஷமாதான் இருக்கு. ஆனா அதுல விடை முன்னாடியே தெரியும், நுரை வரும்னு எல்லாருக்கும் தெரியும். விடை தெரியாம ஒரு விஷயத்தை அளந்து, வந்த நம்பரை நம்பலாமா வேணாமான்னு தவிக்கிறது இருக்கே, அது வேற அனுபவம். அத பசங்க மூஞ்சில பக்கத்துல இருந்து பார்த்தேன், அதான் இந்த கட்டுரை.

செஞ்சது ரொம்ப சிம்பிளான விஷயம். கன்னியாகுமரி பக்கம் ஒரு பள்ளிக்கூடம், சென்னைல ஒரு பள்ளிக்கூடம், ரெண்டு பக்கமும் எட்டாவது ஒன்பதாவது பசங்க, ஆளுக்கு ஒரு மீட்டர் கம்பு. ஒரே நாள்ல மத்தியானம் நிழலை அளந்து போன்ல சொல்லிக்கணும், அதை வச்சு பூமியோட சுற்றளவை கண்டுபிடிக்கணும். நான் கன்னியாகுமரி பக்கம் கூட இருந்தேன், சென்னைல என் ஃப்ரெண்டு ஒருத்தி பார்த்துக்கிட்டா.

இது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடுறேன். சூரியன் நம்மகிட்ட இருந்து கிட்டத்தட்ட 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அவ்ளோ தூரத்துல இருந்து வர்ற வெளிச்சம் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே திசையில, ஒன்னுக்கொன்னு இணையாதான் வந்து விழும். பூமி தட்டையா இருந்தா ரெண்டு ஊர்லயும் கம்பு ஒரே மாதிரி நிக்கும், நிழலும் ஒரே நீளமா இருக்கும். ஆனா பூமி உருண்டை, அதனால நேரா நட்ட கம்புன்னு நாம நினைக்கிற ரெண்டு கம்பும் உண்மையில ஒன்னுக்கொன்னு கொஞ்சம் விலகி நிக்குது, ரெண்டையும் மனசுல கீழ வரைக்கும் நீட்டிப் பார்த்தா பூமியோட நடுவுல போய் சேரும். அந்த விலகல் எத்தனை டிகிரின்னு நிழல் சொல்லிடும். நிழல் நீளத்தை கம்பு நீளத்தால வகுத்து கால்குலேட்டர்ல டேன் இன்வெர்ஸ் (tan⁻¹ பட்டன்) போட்டா அந்த ஊரோட கோணம், ரெண்டு ஊர் கோணத்தையும் கழிச்சா விலகல். விலகல் 5 டிகிரின்னு வச்சுக்கோங்க, முழு வட்டம் 360, அப்போ இந்த ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்குறது முழு பூமியில 72ல ஒரு பங்கு. நடுவுல உள்ள தூரத்தை 72ஆல பெருக்கு, முடிஞ்சுது. எரடோஸ்தனிஸ்னு ஒரு கிரேக்க அறிஞர் 2,200 வருஷத்துக்கு முன்னாடி எகிப்துல அலெக்சாண்ட்ரியா, சயீன்னு ரெண்டு ஊரை வச்சு செஞ்சது இதேதான், அவருக்கு 7.2 டிகிரி வந்துச்சு, 50ல ஒரு பங்கு.

மார்ச் 20 அன்னைக்கு வச்சோம், பகலும் இரவும் சமமா இருக்குற நாள். பசங்க கரெக்டா 12 மணிக்கு வாட்ச் பார்த்து அளந்தாங்க. எங்க பக்கம் நிழல் 18.6 சென்டிமீட்டர், சென்னைல 24.3. கோணம் 10.5, 13.7. வித்தியாசம் 3.2 டிகிரி. தூரத்துக்கு ஒரு பையன் போன்ல மேப் பார்த்து 700 கிலோமீட்டர்னு சொன்னான். பெருக்கி வகுத்தா பூமியோட சுற்றளவு 78,750 கிலோமீட்டர்.

புக்குல இருக்குறது 40,000 சொச்சம். பூமி ரெண்டு மடங்கா வீங்கிருச்சு.

ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தன் மெதுவா, "அக்கா, 40,000 வர்ற மாதிரி நிழலை மாத்தி எழுதிரலாமா"ன்னு கேட்டான். நான் அவனை திட்டல, ஏன்னா நாம எல்லாரும் காலேஜ் லேப்ல செஞ்சது அதுதான், விடையை வச்சு ரீடிங்கை எழுதுறது. மாத்த வேண்டாம், ஏன் இப்படி வந்துச்சுன்னு தேடலாம்னு மட்டும் சொன்னேன்.

முதல் தப்பு 12 மணி. வாட்ச்ல 12 ஆனா சூரியன் உச்சிக்கு வந்துரும்னு நாம சின்ன வயசுல இருந்து நம்பிக்கிட்டு இருக்கோம். இந்திய நேரம் கணக்கு பண்றது 82.5 டிகிரி தீர்க்கரேகையை வச்சு, அது உத்தரப்பிரதேசத்துல மிர்சாபூர் பக்கமா போற கோடு. நாம அதுக்கு மேற்கே இருக்கோம், சூரியன் கிழக்கே இருந்து ஒரு டிகிரி தாண்டி வர 4 நிமிஷம் எடுத்துக்கும். சென்னை சுமார் 80.3 டிகிரி, கன்னியாகுமரி 77.6, அதனால நமக்கு உச்சி லேட்டு. அதோட பூமி சூரியனை சுத்துற பாதை சரியான வட்டமும் இல்ல, அச்சும் சாஞ்சிருக்கு, அதனால வருஷத்துல சில மாசம் சூரியன் இன்னும் சில நிமிஷம் முந்தும் பிந்தும், மார்ச் 20 வாக்குல ஏழு நிமிஷத்துக்கு மேல பிந்தும். எல்லாம் சேர்த்தா அன்னைக்கு சென்னைல உண்மையான உச்சிப்பொழுது 12:16, கன்னியாகுமரில 12:27. நாங்க அரை மணி நேரம் முன்னாடியே அளந்துட்டோம், சென்னை பசங்க கால் மணி நேரம் முன்னாடி. ரெண்டு கோணத்துலயும் ஒரே அளவு தப்பு வந்திருந்தா கூட கழிக்கும்போது போயிருக்கும், வேற வேற அளவுல தப்பு.

இதுக்கு வழி வாட்ச்சை தூக்கி ஓரமா வைக்கிறதுதான். மறுநாள் 11:45ல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நிழலோட நுனில சாக்பீஸால புள்ளி வச்சாங்க, ஒரு மணி வரைக்கும். நுனி அஞ்சு நிமிஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் நகருது, உட்கார்ந்து உத்துப் பார்த்தா நகர்றது கண்ணுக்கே தெரியுது, பூமி சுத்துறதை தரையில பார்க்குறோம்னு புரிஞ்சதும் வெயில்லயும் ஒருத்தரும் நிழலுக்கு போகல. புள்ளி எல்லாம் சேர்த்து ஸ்கேல் வச்சா நேர்கோடு! பகலும் இரவும் சமமா இருக்குற நாட்களை ஒட்டி மட்டும்தான் கிட்டத்தட்ட நேர்கோடா வரும், மத்த மாசங்கள்ல வளைஞ்சு வரும். கம்போட அடியில இருந்து அந்த கோட்டுக்கு எது குறைஞ்ச தூரமோ அதுதான் உச்சி நிழல், அது காட்டுற திசைதான் அசல் வடக்கு. நம்ம சங்கப் பாட்டுலயே அரண்மனை கட்ட ரெண்டு கோல் நட்டு நிழல் பார்த்து, நூல் கட்டி திசை குறிச்ச விவரம் வருது, அதே வேலைதான் அந்த கிரவுண்டுல நடந்துச்சு.

ரெண்டாவது நாள் கணக்கு: எங்களுக்கு 6.9 டிகிரி, சென்னைக்கு 12.7. வித்தியாசம் 5.8. சுற்றளவு 43,448 கிலோமீட்டர்.

கைதட்டல் பறந்துச்சு. உண்மையான நம்பருக்கு இவ்ளோ பக்கத்துல! சார்ட்ல எழுதப் போயிட்டாங்க. அப்போதான் ஒரு பொண்ணு, அவ அப்பா கொத்தனார், கம்பையே பார்த்துக்கிட்டு நின்னவ சொன்னா, "அக்கா, இந்த கம்பு சாஞ்சுல்லா நிக்கு."

மறுநாள் அப்பாவோட தூக்குகுண்டை பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டா. கம்போட உச்சியில நூலை கட்டி குண்டை தொங்கவிட்டா, குண்டு கம்போட அடியில இருந்து ஒன்னரை சென்டிமீட்டர்கிட்ட தெற்கே தள்ளி நிக்குது. ஒரு மீட்டர் கம்புல உச்சி 1.75 சென்டிமீட்டர் நகர்ந்தா ஒரு டிகிரி. நாம தேடுறதே மொத்தம் 5 டிகிரி, அதுல ஒரு டிகிரி போச்சுன்னா பூமியில 7,000, 10,000 கிலோமீட்டர் போச்சு. பத்து தடவை அளந்து சராசரி எடுத்தா சரியாகுமான்னு கேட்டாங்க, நல்ல கேள்வி. ஸ்கேலை படிக்கும்போது ஒரு தடவை கொஞ்சம் கூட, ஒரு தடவை கொஞ்சம் குறைய வர்ற தப்பு சராசரில அடிபட்டுப் போகும். ஆனா சாஞ்ச கம்பு பத்து தடவையும் ஒரே பக்கம்தான் சாஞ்சு நிக்கும், நூறு தடவை அளந்தாலும் அந்த தப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கம்பை நிமிர்த்த நாங்க கல்லு தேடிக்கிட்டு இருக்கும்போது அந்த பொண்ணுதான் வழியும் சொன்னா, கம்பை விட்ருங்க, குண்டு தொடுற இடத்துல இருந்து அளந்தா போதும்னு. யோசிச்சுப் பாருங்க, எவ்ளோ அழகான ஐடியா! நிழலோட நுனிக்கு காரணம் கம்போட நுனி மட்டும்தான், நடுவுல கம்பு சாஞ்சா என்ன வளைஞ்சா என்ன. நுனிக்கு நேர் கீழ எந்த புள்ளின்னு தூக்குகுண்டு சொல்லுது, உயரத்தை நூல் சொல்லுது. தரை மட்டமா இருக்கான்னு ரசமட்டமும் வச்சுப் பார்த்தாங்க, மழைத்தண்ணி ஓட லேசா சரிவு விட்டிருந்தாங்க, ஆனா கணக்கு போட்டா அதனால வர்றது ஒரு மில்லிமீட்டர் அளவுதான், விட்டுட்டோம். எந்த தப்புக்கு பயப்படணும், எதை விட்டுரலாம்னு தெரிஞ்சுக்கிறது பாதி ஆராய்ச்சி.

இப்போ எல்லாம் சரி பண்ணியாச்சு. மூணாவது நாள் அளவு 7.4, 12.5. வித்தியாசம் 5.1. சுற்றளவு 49,412.

தப்பை திருத்தினா விடை இன்னும் மோசமா போகுது! பசங்க முகம் வாடிப்போச்சு, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள அவ்ளோ சந்தோஷம். ஏன்னா நேத்து வந்த 43,448 சரியான வழியில வந்த விடை இல்ல, ரெண்டு தப்பு ஒன்னை ஒன்னு மறைச்சு வந்தது. சாஞ்ச கம்பு சுற்றளவை குறைச்சு காட்டிச்சு, வேற ஏதோ ஒன்னு கூட்டிக் காட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒரு தப்பை எடுத்ததும் இன்னொன்னு வெளிய தெரிஞ்சுருச்சு. நேத்தே சார்ட்ல எழுதி முடிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

அந்த இன்னொன்னு, 700 கிலோமீட்டர். அது ரோடு. ரோடு விழுப்புரம் போகும், திருச்சி போகும், மதுரை போகும், வளைஞ்சு வளைஞ்சு போகும். காக்கா பறக்குற மாதிரி நேரா போனா 630 கிட்டதான். அதுவும் நமக்கு வேண்டாம், ஏன்னா கன்னியாகுமரி சென்னைக்கு நேர் தெற்கே இல்ல, மேற்கே தள்ளி இருக்கு. உச்சி நிழல் சொல்ற கோணம் வடக்கு தெற்கு விலகலை மட்டும்தான் சொல்லும், அப்போ தூரமும் வடக்கு தெற்கு தூரமா மட்டும்தான் இருக்கணும். ஒரு பையன் நெட்ல அட்சரேகை எடுத்து, 5 டிகிரி, ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், 555னு டக்குனு சொன்னான். அந்த 111 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். அவனே கொஞ்ச நேரம் யோசிச்சு, 40,000த்தை 360ஆல வகுத்ததுன்னு கண்டுபிடிச்சான். கண்டுபிடிக்க வேண்டியதையே உள்ள போட்டு வெளிய எடுத்தா அது அளவு ஆகாது.

கடைசில கிளாஸ்ரூம் சுவர்ல தொங்குற தமிழ்நாடு மேப்பை இறக்கி, கன்னியாகுமரி வழியா கிழக்கு மேற்கா ஒரு கோடு, சென்னை வழியா ஒரு கோடு, நடுவுல ஸ்கேல் வச்சு, மேப் ஓரத்துல இருக்குற கிலோமீட்டர் அளவுகோலோட ஒத்துப் பார்த்தாங்க. 550.

550ஐ 360ஆல பெருக்கி 5.1ஆல வகுத்தா, 38,824 கிலோமீட்டர்.

மேப்ல இருக்குற தூரமும் யாரோ நடந்து அளந்ததுதானேன்னு அந்த பொண்ணு கேட்டா. ஆமா. 1802 ஏப்ரல்ல சென்னை பரங்கிமலை பக்கத்துல வில்லியம் லாம்டன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியை திரும்பத் திரும்ப நீட்டி 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார், இந்தியாவோட பெரிய நில அளவையே அங்கதான் தொடங்குச்சு. அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் பெரும்பாலும் கோணத்தை அளந்துக்கிட்டே போனாங்க. 1808ல தஞ்சாவூர் கோயில்ல அரை டன் தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்குற கருவியை, கயித்துல மேல ஏத்தும்போது கயிறு அறுந்து அது சுவர்ல மோதிருச்சு, லாம்டன் வாரக்கணக்கா உட்கார்ந்து தன் கையாலேயே அதை சரி பண்ணினார். அவரும் தேடினது பூமியில ஒரு டிகிரி எவ்ளோ நீளம்னுதான். பூமி துருவத்துல கொஞ்சம் தட்டை, அதனால நம்ம பக்கம் ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், துருவத்துகிட்ட 111.7. அதாவது நாங்க ஒரு துளி தப்பு இல்லாம அளந்திருந்தாலும் நம்ம ஊர்ல இருந்து 39,800 சொச்சம்தான் வரும்.

மீதி வித்தியாசத்துக்கும் காரணம் தெரியும். சூரியன் புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலம், அதனால ஒரு மீட்டர் கம்போட நிழல் நுனி 9 மில்லிமீட்டருக்கு மங்கலா இருக்கும், கறுப்பு எங்க முடியுது வெளிச்சம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஆளுக்கு ஒரு இடம் சொல்வாங்க. 0.1 டிகிரிங்கறது 2 மில்லிமீட்டர் கூட இல்ல. ரெண்டு ஊரும் ஒரே மாதிரி, கறுப்பு முடியுற இடத்தையே படிச்சா அந்த தப்பு கழித்தல்ல அடிபட்டுப் போகும், நாங்க அதை போன்ல பேசிக்கல. அடுத்த தடவை கம்பு உச்சியில சின்ன ஓட்டை போட்ட அட்டையை ஒட்டப் போறோம், அப்போ தரையில நிழல் நுனிக்கு பதிலா சூரியனோட குட்டி வட்டம் விழும், நடுப்புள்ளியை குறிச்சுக்கலாம்.

சார்ட்ல நாலு நம்பரையும் வரிசையா எழுதினாங்க, 78,750, 43,448, 49,412, 38,824, ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல ஏன்னு. குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993ல இருந்து நடக்குது, 10 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்க தங்க ஊரை தாங்களே ஆராய்ஞ்சு கொண்டு வர்ற இடம், அந்த மாதிரி மேடைல கேள்வி கேக்குறவங்க முதல்ல தேடுறது இந்த "ஏன்"ங்கறதைத்தான்.

ஏப்ரல் 10, 11 வாக்குல கன்னியாகுமரில உச்சில சூரியன் சரியா தலைக்கு மேல வரும், கம்புக்கு நிழலே இருக்காது. அன்னைக்கு எங்க பசங்க நிழல் இல்லன்னு பார்த்து சொன்னா போதும், சென்னைல விழுற 9 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் குறைவான நிழலே முழு கணக்கையும் சொல்லிடும். அட்டையில ஓட்டை எவ்ளோ பெருசு இருக்கணும்னு இப்போ ரெண்டு ஊருக்கும் போன்ல சண்டை நடந்துக்கிட்டு இருக்கு.