திண்ணை வரைக்கும் வரலாம்: புதுச்சேரித் தமிழ்ப் பகுதியில் நடை போகிறவர்களுக்கு

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுப் பகுதியை மட்டும் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள் சுவர், கதவோரம் காகிதப்பூ, ஒரு படம், அடுத்த வீதி, இன்னொரு படம். வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழ்ப் பகுதிக்குள் கொஞ்சம் நடந்தால் வீடுகளின் முகமே மாறிவிடும். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில், வேலை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வார இறுதிகளில் சின்னக் குழுக்களை நடந்தே கூட்டிப்போய்க் காட்டுவதும் உண்டு. வழிகாட்டியோடு நடை போவது இப்போது நன்றாகப் பரவிவிட்டது, நல்ல விஷயம்தான். ஆனால் ஆட்கள் குடியிருக்கிற தெருவில் எதைப் பார்ப்பது, எதுவரை போவது என்ற இரண்டு கேள்விக்கும் பலருக்கு விடை தெரிவதில்லை. விடை அந்த வீடுகளிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நேர்க்கோடு பிடித்த மாதிரி இருக்கும் வீதிகளைக் காட்டி, இது பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த ஊர் என்பார்கள். வழிகாட்டிகளில் சிலரே அப்படித்தான் சொல்கிறார்கள். 1693-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் அது. 1699-ல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பழைய வீதிக்கோடுகளின் மேலேயே மறுபடி எழுப்பினார்கள். ஆகவே "இது முந்நூறு வருஷத்து வீடு" என்று யாராவது ஒரு வீட்டைக் காட்டினால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடிப்புக்குத் தப்பியது என்று சொல்லத்தக்கது ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர், ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில் காலமானவர். கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண், மேல்தளத்தில் உருண்டையான சுண்ணாம்புத் தூண். பெரிய மார்க்கெட் நெரிசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

சரி, இப்போது நேரு வீதிக்கு வடக்கே வைசியாள் வீதிக்குப் போவோம். ஒரே ஒரு வீட்டின் முன்னால் நின்று பார்த்தால் போதும்.

முதலில் தாழ்வாரம். வீட்டுச் சுவரிலிருந்து வீதியை நோக்கிச் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள். வீட்டுக்காரர் தன் காசில் வழிப்போக்கருக்குப் போட்டுக்கொடுத்த நிழல் இது. ஒவ்வொரு வீட்டுக்கும் இது இருந்த காலத்தில் வெயில் படாமலே வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். அப்புறம் ஒருவர் இடித்துக் கடை போட்டார், அடுத்தவர் எடுத்துவிட்டு கார் நிறுத்தினார், நிழல் அறுந்துபோனது. தாழ்வாரத்துக்குள் ஒரு படி உயரத்தில் திண்ணை. சில திண்ணைகளின் ஒரு முனையில் தலையணை போலச் சரிவாகக் கட்டியிருப்பார்கள், படுத்தால் தலை சரியாக அதில் வந்து நிற்கும். முன்பின் தெரியாத யாத்திரிகர்கூட ஒரு ராத்திரி படுத்து எழுந்து போவதற்கான ஏற்பாடு. அதற்கு அப்பால் கனமான கதவு, குறுகலான நடை, பிறகுதான் வெளிச்சம் கொட்டும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூணும் அறைகளும். அதற்கும் பின்னால் சமையல்கட்டு, கிணறு.

ஆக, தெருவில் போகிறவருக்குத் தாழ்வாரம், கணக்கு வழக்கு பேச வந்தவருக்குத் திண்ணை, உறவுக்காரருக்கு முற்றம், பின்கட்டு வீட்டாருக்கு மட்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு அனுமதி. கட்டியவர் வாசலில் பலகை எதுவும் மாட்டவில்லை. தரையின் உயரத்தை மாற்றினார், வெளிச்சத்தைக் குறைத்துப் பிறகு கூட்டினார், கதவை எங்கே வைப்பது என்று யோசித்து வைத்தார். இது புரிந்தவர்களுக்கு நடத்தை விதிகள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அழைக்காமல் திண்ணை தாண்டக் கூடாது, அவ்வளவுதான். திறந்திருக்கும் கதவு அழைப்பு ஆகாது. காற்றோட்டத்துக்காக இந்த வீடுகளில் கதவு பகலெல்லாம் திறந்துதான் இருக்கும்.

திண்ணையில் உட்காரலாமா என்று குழுவில் யாராவது எப்போதும் கேட்பார்கள். ஒரு தடவை உள்ளேயிருந்த பாட்டியே பதில் சொன்னார்: "உக்காருப்பா, அதுக்குத்தானே கட்டி வச்சிருக்கு. கால மட்டும் தூண்ல வைக்காத." என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழிகாட்டுக் குறிப்பு கிடையாது.

பார்வையை மாடிக்கு ஏற்றுங்கள். கீழே ஓடும் மரமுமாக இருந்த வீடு மேலே வளைவு சன்னல், சுவரோடு ஒட்டிய தூண், கைப்பிடிச் சுவர் என்று வேறு ஆளாகிவிடும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இந்தக் கலப்பு கிழக்குப் பக்கத்திலும் கிடைக்காது, உள்நாட்டு ஊர்களிலும் கிடைக்காது. புதுச்சேரிக்கென்று ஒரு வீடு உண்டென்றால் அது இதுதான் என்பது என் கட்சி. மஞ்சள் சுவர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்தால் எல்லாரும் முற்றத்தைப் படமெடுக்கிறார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாகப் போட்ட தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாக நெட்டுக்குத்தாய் அடுக்கிய சின்னச் செங்கற்கள். இதற்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்லுக்குக் கல் சுண்ணாம்புக் கலவை வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். இப்படி ஒரு தளத்தை இன்று முழுதாகப் போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. தெரிந்தவர் கிடைத்தால் அவர் சொல்லும் தேதிக்கு நாங்கள் காத்திருப்போம்.

சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை. வண்ணம் உப்பி, பூச்சு பொருக்கு விட்டு, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தொட்டால் மாவு போல உதிரும். கடற்கரை ஊரில் மண்ணிலிருந்து ஈரமும் உப்பும் சுவருக்குள் ஏறுவது இயல்பு, அதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசி பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் மேலே ஏறும், கூடவே உப்பும் ஏறும். பூச்சு விழும். வீட்டுக்காரர் இன்னும் கெட்டியாக சிமென்ட் பூசச் சொல்வார். அடுத்த மழைக்கு ஓதம் இன்னும் ஒரு முழம் ஏறியிருக்கும். நான் பார்த்த பழைய வீடுகளில் கடலைவிட சிமென்ட் செய்த கெடுதிதான் அதிகம். நடைக்கு வருகிறவர்கள் பளபளவென்று பெயின்ட் அடித்த வீட்டைப் பார்த்து "இதை நல்லா வச்சிருக்காங்க" என்றும், மங்கிய சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து "கவனிக்காம விட்டுட்டாங்க" என்றும் சொல்வதைக் கேட்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம். நிலைமை பல நேரம் நேர் எதிர்.

கவனிக்காமல் விட்ட வீடுகளும் உண்டு, அதற்கும் காரணம் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் குடும்பங்களில் தொடங்கி, பல வீடுகளின் வாரிசுகள் பிரான்சில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்குதாரர். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரும் சரி சொல்ல வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போடுவதற்குள் உத்தரம் உளுத்துவிடுகிறது. வைசியாள் வீதி இன்று ஓரளவு முழுமையாகத் தெரிவதற்குக் காரணம் 2002-க்கும் 2004-க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு நடந்த ஆசியா அர்ப்ஸ் திட்டம். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை அதில் முன்னின்றது. சீரமைத்தவை பெரும்பாலும் முகப்புகள். உள்ளே ஒழுகும் கூரை இன்றும் வீட்டுக்காரர் பாடுதான். அதனால்தான் உள்ளே காட்டும் வீட்டாருக்கு நடைக் கட்டணத்தில் பங்கு போகிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள் என்கிறேன். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. போகிறது என்றால் எவ்வளவு என்று சொல்வதில் நல்ல வழிகாட்டிக்குத் தயக்கம் இருக்காது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்கள். குழுவில் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் தாழ்வாரத்தில் நிற்க இடமில்லாமல் வீதியில் பரவுவார்கள், ஸ்கூட்டர்காரர் திட்டுவார். இடுப்பில் ஒலிபெருக்கி மாட்டியவரென்றால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த வீடுகளின் சன்னல்கள் தெருவோடு ஒட்டியவை. அங்கே பேசுவது உள்ளே தொட்டிலில் தூங்கும் குழந்தைக்குக் கேட்கும்.

இன்னொன்று, வழிகாட்டி எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது. வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி, செட்டி வீதி என்ற பெயர்களே சொல்லிவிடுகின்றன: இந்த நேரான வீதிகள் சாதிவாரியாகக் குடியமர்த்தப்பட்டவை. திண்ணை எல்லாருக்கும் பொது என்று உருகிப் பேசுகிறவரிடம், அன்று அதில் யாரால் உட்கார முடியாது என்றும் கேளுங்கள். கேட்டால் சங்கடப்படுவார், பரவாயில்லை. அதேபோல தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளையும், மிஷன் வீதி ஓரத்துக் கிறிஸ்தவத் தமிழர் வீடுகளையும் விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதி முடிந்தது என்று சொன்னால் பாதிதான் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். இலக்கியம் பிடித்தவர்களுக்கு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் நினைவகங்கள், திறந்திருக்கும் நேரத்தில் தாராளமாக உள்ளே போகலாம். நினைவகத்துக்கும் ஆள் குடியிருக்கிற வீட்டுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைத்தான் மனதில் வைக்கச் சொல்கிறேன்.

படம் எடுப்பது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முகப்பை எடுங்கள், கதவை எடுங்கள். ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, ரீல்ஸ் என்று ஒரு வீட்டுப் படிக்கட்டில் அரை மணி நேரம் உடை மாற்றி உடை மாற்றி நிற்கிறவர்களால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தன் வீட்டுக்குள் போகக் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த மாதம் அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் இரும்புக் கம்பிக் கதவு வந்துவிட்டது. திண்ணை இப்போது கம்பிக்கு உள்ளே.

நேரம்: காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடித்துவிடலாம், வாசலில் கோலம் போடுகிறவர்களையும் பார்க்கலாம். மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை இந்த ஊர் தூங்கும், அப்போது கதவைத் தட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை போடுவதால் குறுக்கே கடப்பதற்கே பொறுமை வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் 2014-ல் மழையில் ஊறிக் கடற்கரையோரம் இருந்த பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் அப்படியே சரிந்தது, பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அதுவரை தினமும் அதன் முன்னால் ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவரும் மர உத்தரமும் ஊறிய பிறகு, மழை நின்ற மறுநாள்கூட ஆபத்துதான். வெயில் அடித்துக் காயும்போது பூச்சும் மாடத்துச் சுதை வேலையும் கழன்று விழும். அந்த நாட்களில் மாடமுகப்புக்கு நேர் கீழே நிற்காதீர்கள். வழிகாட்டி ஒரு வீதியை விட்டுவிட்டு வேறு வழியாகக் கூட்டிப்போனால், காசு கொடுத்தோமே என்று வாதாடாமல் அவர் பின்னால் போங்கள்.