அலை ஓயும் குழாய்

“புயல் வரும்போது ‘கடல் மட்டம் வழக்கத்தைவிட ஒரு மீட்டர் உயரும்’ என்று செய்தியில் சொல்கிறார்கள். நொடிக்கு நொடி ஏறி இறங்கும் கடலில் ‘வழக்கம்’ எது?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

அலை ஓய்ந்து கடலாட முடியாது என்பது பழமொழி. ஆனால் அலை ஓயும் இடமொன்று துறைமுகங்களில் உண்டு. சுவரை ஒட்டி நீருக்குள் செங்குத்தாக இறக்கிய குழாய் அது. கடல் உள்ளே வர அடியில் ஒரே ஒரு துளை. அதன் விட்டம் குழாயின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பரப்போ நூறில் ஒன்றுதான். வெளியே அலை எழுகிறது, நீர் துளைக்குள் முண்டியடிக்கிறது, குழாய்க்குள் ஒரு சாண்கூட ஏறுவதற்குள் அலை தாழ்ந்து, வந்த நீர் திரும்பிவிடுகிறது. 10 நொடி அலைக்கு அவகாசம் போதாது. ஆறு மணி நேரம் ஏறும் ஓதத்துக்கு, அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு, அந்தத் துளையே தாராளம். வெளியே ஆளுயர அலை சுவரில் அறையும்போது, உள்ளே மிதவை லேசாக அசையும். அதன் கம்பியில் இணைந்த பேனா, சுழலும் தாளில் ஓதத்தை வரைந்துகொண்டிருக்கும். மின்சாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். ஓர் ஓட்டை செய்யும் இந்த வேலையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

புயலால் கடல் மட்டம் உயரும் ‘புயல் எழுச்சி’யும் மணிக்கணக்கில் வளர்வது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு செ.மீ. உயரும். அதைவிடப் பெரிய பங்கு காற்றுடையது: ஆழமற்ற கரையை நோக்கி நீரைத் தள்ளிக் குவிக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் பயணிகளோடு ரயிலையே கொண்டுபோனது இந்த எழுச்சிதான். சூரியன், சந்திரன் நிலையைக் கொண்டு ஓதத்தை முன்கூட்டியே கணித்துவிடலாம். வாசகர் கேட்ட ‘வழக்கம்’ அதுதான். அளந்த மட்டத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது புயலின் பங்கு.

இப்போது ரேடார் கருவிகளும் வந்துவிட்டன. புதுக் கருவி வாங்கக் கிடைக்கும் பணம் பழையதைப் பராமரிக்கவும் கிடைக்க வேண்டும் என்பேன். குழாய்த் துளையில் கொட்டலசும் பாசியும் ஒட்டி வளரும். ஆள் மூழ்கிச் சுரண்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் எழுச்சியின் உச்சம் தாளில் தாழ்ந்து, பிந்தித் தெரியும். நல்லவேளையாக, புயலுக்கு முன்பே ஓதம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: அட்டவணையில் உள்ள நேரத்துக்குப் பின்னால் நாள்தோறும் ஓதம் நகர்ந்துகொண்டே போனால், துளை அடைபடத் தொடங்கிவிட்டது.